எண்ணெய் வைத்த கை

தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களை நம்மவர்கள், “கங்கா ஸ்நானம் ஆயிற்றா?” என்று விசாரிப்பது வழக்கம். காவிரிக் கரையில் பிறந்தவன் கொல்லைக் கிணற்றில் குளித்துவிட்டு, “ஆயிற்று” என்று கூசாமல் விடை சொல்வான். கல்கத்தாவில் வாழும் நமக்கோ அந்தக் கங்கை மெய்யாகவே பக்கத்தில் ஓடுகிறது. ஹூக்ளி என்று பெயர் சொன்னாலும் அவள் பாகீரதியே. ஆயினும் எங்களைப் போன்றோர் குளிப்பது குழாய்த் தண்ணீரில்தான். (நகரத்தின் பெயர் 2001-ஆம் ஆண்டிலேயே கொல்கத்தா என்று மாறிவிட்டது. எங்கள் நாக்குத்தான் இன்னும் மாறவில்லை. அன்பர்கள் பொறுத்தருள்க.)

நாங்கள் மூவர் கொண்ட சிறு குடும்பம். ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம்; லேக் மார்க்கெட்டை அடுத்த சந்து ஒன்றில் வாடகை ஜாகை. ஊர் மாயவரத்துக்கு அருகில். அங்கே தாயார் தனியே இருக்கிறார். 2023-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு லீவு கிட்டவில்லை. ஆகையால் 2024-இல் எப்பாடு பட்டேனும் போய்விடுவது என்று உறுதி பூண்டோம். அந்நாளில் 120 நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம். ஜூன் மாதக் கடைசியிலேயே, அக்டோபர் 24-ஆம் தேதி வண்டிக்குப் பாஸின்மேல் மூன்று இடங்கள் பதிவாயின. தாயாருக்கு ஒரு சேலையும் வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தாயிற்று.

அன்றிரவுதான் ‘டானா’ என்னும் புயல் ஒடிசாவில் பிதர்கனிகாவுக்கும் தாம்ராவுக்கும் இடையே கரையேறியது. சென்னைக்குச் செல்லும் இருப்புப் பாதை அக்கரையை ஒட்டியே ஓடுகிறது. வண்டிகள் நூற்றுக்கு மேல் ரத்தாயின. எங்கள் வண்டியும் அவற்றில் ஒன்று. நிறுத்தியது முற்றிலும் சரியே. காற்றில் மரம் சாய்ந்து கிடக்கும் பாதையில் ஜனங்களை அனுப்ப முடியுமா? இருந்தாலும், பகலெல்லாம் கேட்டவர்களுக்கெல்லாம், “வண்டி இல்லை” என்று சொல்லிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து, பெட்டி கட்டி வைத்திருக்கும் மனைவியிடமும் மகனிடமும் அதே வார்த்தையைச் சொல்வது எளிதாக இல்லை. அடுத்தடுத்த வண்டிகளில் காத்திருப்போர் பட்டியல் அனுமார் வாலாக நீண்டு கிடந்தது. சென்னைக்கே சுமார் 1,660 கிலோமீட்டர், அதன்பின் மாயவரம். ரயில்வேக்காரனுக்கு ரயில் இல்லை என்று சிநேகிதர்கள் கேலி செய்தார்கள். நாங்களும் சிரித்து வைத்தோம்.

தாயாரிடம் தொலைபேசியில் சொன்னபோது, “பரவாயில்லை தம்பி” என்றார். அந்தச் சொல் வருமுன் சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

அன்பர்கள் வீட்டிலும் இந்த அநுபவம் இருக்கும். பண்டிகைக்கு வேண்டிய பொருள்களில் எதற்கும் இங்கே குறைவில்லை. நல்லெண்ணெய், சீயக்காய், காப்பிப் பொடி, வாழையிலை, முறுக்கு எல்லாம் நம் பேட்டையில் கிடைக்கின்றன. கிடைக்காதது ஒன்றே: மணையில் உட்கார்த்தி வைத்து உச்சந்தலையில் எண்ணெய் வைக்கும் பெரியவரின் கை. 2023-இல் நாங்கள் கணவனும் மனைவியுமாக ஒருவர் தலையில் மற்றவர் எண்ணெய் வைத்துக்கொண்டோம். வேஷம் கட்டிய பள்ளிப் பிள்ளைகளைப் போல முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. சர் ஸி. வி. ராமன் 1907-ஆம் ஆண்டில் நிதி இலாகா உத்தியோகஸ்தராகப் புது மனைவி லோகசுந்தரி அம்மையாருடன் இந்நகரில் வந்து இறங்கினார். அந்த வருஷத் தீபாவளியன்று அவ்விருவருக்கும் எண்ணெய் வைத்தவர் யாரோ! அவருடைய சரித்திரத்தை எழுதுபவர்கள் இதையெல்லாம் கவனிப்பதில்லை.

எங்கள் சந்தில் கீழ்த்தளத்தில் திருநெல்வேலிப் பக்கத்து அம்மையார் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தைந்தைக் கடந்தவர். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். எல்லோருக்கும் அவர் ஆச்சி. தீபாவளியன்று கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகள் தொலைபேசியில் கூப்பிடும் வரை உட்கார்ந்திருப்பார் என்பதை நாங்கள் அறிவோம். அறிந்தும் அத்தனை ஆண்டுகள் ஒன்றும் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முறுக்குத் தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம்.

இம்முறை எங்கள் இல்லத்தரசி அவரிடம் போய், “ஆச்சி, நீங்கள் எங்களுக்கு எண்ணெய் வைக்க வேண்டும்” என்று கேட்டாள். ஆச்சி உடனே இசையவில்லை.

“நான் வைக்கலாமா தாயி? பொட்டில்லாதவ வச்சான்னு நாலு பேர் சொல்ல மாட்டாகளா?” என்றார்.

“ஊரிலே எங்களுக்கு வைக்கிற மாமியாரும் அப்படித்தானே இருக்கிறார், ஆச்சி? அவர் வைத்தால் நல்லது, நீங்கள் வைத்தால் கெடுதலா?” என்றாள் இவள். ஆச்சி நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எண்ணெயை நான்தான் காய்ச்சுவேன்” என்றார். அதுவே சம்மதம்.

செய்தி பரவிற்று. மேல் மாடியில் இருக்கும் வங்கி ஊழியர் குடும்பத்தார் நால்வர், எதிர்ச் சந்தில் தனியே தங்கியிருக்கும் ஒரு நர்ஸ், எங்களைப் போலவே புயலால் பயணம் கெட்டுக் கரக்பூரில் தங்கிவிட்ட இரண்டு இளைஞர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. ஆச்சியோடு பதினொரு பேர்.

30-ஆம் தேதி மாலை நாங்கள் அண்டாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வங்காளி வீட்டில் விளக்கேற்றினார்கள். அவர்களுக்கு அன்று பூத சதுர்த்தசி. பதினான்கு தலைமுறை முன்னோர்க்காகப் பதினான்கு விளக்கு வைப்பார்கள். பதினான்கு வகைக் கீரை சமைப்பார்கள். அவ்வீட்டுப் பௌதி ஒரு கிண்ணம் கீரை கொடுத்தனுப்பினார். கடுகெண்ணெய் வாசனைதான், ஆனாலும் எங்கள் மகன் வழித்துச் சாப்பிட்டுவிட்டான். அவனுக்கு அது அயல் வாசனை அன்று. அதை எண்ணி மகிழ்வதா வருந்துவதா என்பதை நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை.

இங்கே பொழுது சீக்கிரம் விடிந்துவிடும். ஊரைக் காட்டிலும் ஏறத்தாழ இருபது நிமிஷம் முன்பே சூரியன் எழுவதால் மூன்றரை மணிக்கே எழுந்தோம். ஆச்சி நடுக்கூடத்தில் கோலமிட்டு, மணை போட்டு, கிண்ணத்தில் வெதுவெதுப்பான எண்ணெயுடன் காத்திருந்தார். வெளுத்த நூற்சேலை உடுத்து, தலையை வாரி முடித்திருந்தார். சின்னவர்களில் தொடங்கி ஒவ்வொருவராக உட்கார்ந்தோம். கரக்பூர் இளைஞருள் ஒருவர் மீசை முறுக்கிய ஆகிருதி வாய்ந்தவர். ஆச்சியின் கை தலையில் பட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டதாம். சீயக்காய் அப்போது குளியலறையில் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

எல்லோருக்கும் ஆன பிறகு எங்கள் மகன், “ஆச்சிக்கு யார் வைப்பார்கள்?” என்றான். பெரியவர்கள் எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஆச்சி வேண்டாம் வேண்டாம் என்று எழுந்தார். நர்ஸ் அம்மாள் தோளைப் பிடித்து மணையில் உட்காரவைத்தார். பையன் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அப்படியே அவர் தலையில் கவிழ்த்துவிட்டான். நெற்றி, காது எல்லாம் வழிந்தது. ஆச்சி சிரித்த சிரிப்பில் மாடி வீட்டார் விளக்கைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தனர்.

பட்டாசுதான் பையனுக்குக் குறை. நம் ஊரில் காலை ஆறு முதல் ஏழு வரை வெடிக்கலாம். இங்கேயோ காளி பூஜை இரவுக்குரிய வழக்கப்படி எட்டு முதல் பத்து வரைதான் அநுமதி. மத்தாப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தான். காலையில் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தபோது, “பாட்டி, போனை ஜன்னலிலே வையுங்கள்” என்று கெஞ்சி, மாயவரத்து வெடியைக் காதால் கேட்டுத் திருப்தியடைந்தான்.

பிறகு தாயார், “கங்கா ஸ்நானம் ஆச்சா? யார் எண்ணெய் வைத்தது?” என்று கேட்டார். கீழ் வீட்டு ஆச்சி என்று சொன்னோம். மறுமுனையில் மௌனம். சொல்லியிருக்க வேண்டாமோ என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தம் இடத்தில் வேறொருவர் நிற்பதை எந்தத் தாய் பொறுப்பாள்?

“எண்ணெயில் என்ன போட்டுக் காய்ச்சினார்களாம்?” என்றார் கடைசியில்.

“மிளகு.”

“மிளகு மட்டுமா? ஓமம் போடவில்லையா? போனை அந்தம்மாளிடம் கொடு.”

கொடுத்தோம். “எங்க பக்கம் ஓமம் போடுற வழக்கம் கிடையாதும்மா” என்று ஆச்சி தொடங்கினார். இலையில் இட்லி ஆறிற்று, காப்பி ஆறிற்று. அரைமணி கழித்தும் பேச்சு ஓயவில்லை. எண்ணெயில் தொடங்கியது முட்டுவலிக்குப் போய், பிள்ளைகளுக்குப் போய், தணிந்த குரலில் வேறு எதற்கோ போய்விட்டது. ஆச்சி திண்ணையின் கோடிக்கு நகர்ந்து எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு வாரம் சென்று ஊரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. லேக் மார்க்கெட்டில் ஓமத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆயினும் அதில் ஒரு பொட்டலம் ஓமமும், ஒரு சம்புடம் தீபாவளி மருந்தும், மகனுக்குச் சீடையும் இருந்தன. விலாசத்தில் எங்கள் பெயர் இல்லை. ஆச்சியின் பெயர்தான் எழுதியிருந்தது.