தயங்காத கோடு

நம் சங்கம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களே. எழுதுவதென்றால் மட்டும் இந்தியும் ஆங்கிலமும்தான். அவர்களுக்காக நானும் நண்பர் இருவரும் சிறு செயலி ஒன்று எழுதினோம். திரையில் ஒரு கோடு தானே ஓடி ‘அ’ வரைந்து காட்டும். பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டவேண்டும். இவ்வளவுதான் அதன் வித்தை.

கைப்பேசிகளோ பலவகை. ஒரு வீட்டில் ஐபோன், மறுவீட்டில் மலிவான ஆண்ட்ராய்டு, சங்க அறையில் லினக்ஸ் கணினி. ஒன்றையே மூன்று முறை எழுத முதுகலை மாணவனுக்கு ஏது பொழுது? ஆகவே ஃபிளட்டரை நாடினோம். கூகுள் 2018 டிசம்பரில் அதன் 1.0 பதிப்பை வெளியிட்டது. டார்ட் மொழியில் ஒருமுறை எழுதினால் போதும். 2022 மே மாதம் வந்த மூன்றாம் பதிப்பு முதல் லினக்ஸுக்கும் அது முழுமையாகக் கைகொடுக்கிறது.

ஃபிளட்டர், கைப்பேசி தரும் பொத்தான்களையும் பெட்டிகளையும் இரவல் வாங்குவதில்லை. யாவற்றையும் தானே வரைகிறது. தமிழுக்கு இதில் ஒரு சோதனை உண்டு. ‘கெ’ என்பதில், கணினியின் நினைவில் ககரம் முன்னே, கொம்பு பின்னே. திரையிலோ கொம்பு முன்னே வந்து நிற்கவேண்டும். ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் அதைச் செவ்வனே முடித்துவிடுகிறது.

புதிய பதிப்புகளின் அறிவிப்பைப் புரட்டினால் புதுமைகளின் பட்டியல் நீண்டு கிடக்கும். பாதி எனக்கு வேண்டாதவை. என் மனம் நின்றது இம்பெல்லரில்தான். முன்பிருந்த ஸ்கியா என்னும் வரைபொறி, ஓர் அசைவு முதன்முறை திரைக்கு வரும் நேரத்தில்தான் அதற்குரிய ஷேடர் நிரல்களை ஆயத்தம் செய்யும். அதனால் படம் ஒரு கணம் திக்கலாம், மறுமுறை திக்காது. இம்பெல்லரோ அவற்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்கிறது. 2023 மே மாதத்து 3.10 பதிப்பில் ஐபோனுக்கும், 2024 டிசம்பர் மாதத்து 3.27 பதிப்பில் ஆண்ட்ராய்டு 10 முதலானவற்றுக்கும் அதுவே இயல்பான வரைபொறி ஆயிற்று.

“மறுமுறை சரியாகிவிடுமே, இதற்கா இவ்வளவு ஆரவாரம்?” என்றார் நண்பர். கடைக்கணக்கு எழுதும் செயலிக்கு அது போதும், நண்பரே! எழுத்தை முதன்முறை காணும் ஆறு வயதுக் குழந்தைக்குப் போதுமா? சுழியின் நடுவே கோடு திக்கி நின்றால், அங்கே கையை எடுக்கவேண்டும் போலும் என்றுதான் அது எண்ணிக்கொள்ளும். பழகிய கையைப் பிறகு திருத்துவது எளிதன்று.

ஒரு மனக்குறையும் உண்டு. ஆண்ட்ராய்டு 10-க்கு முந்தைய கைப்பேசிகளும், வல்கன் வசதி இல்லாதவைகளும் இன்னும் பழைய வழியிலேயே வரைகின்றன. அத்தகைய கைப்பேசி எவர் வீட்டில் இருக்கும்? தனியாக ஆசிரியர் வைத்துத் தமிழ் படிக்க வழியில்லாத வீட்டில் அன்றோ! அவற்றுக்காக, செயலி திறந்தவுடன் முகப்புப் படத்தின் பின்னே எழுத்துகளை ஒருமுறை ஓட்டிவிடுகிறோம். பிள்ளை காண்பது இரண்டாம் முறை.