பேரனின் பேரேடு

அரசாங்கக் கணக்குப் பிரிவில் 33 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்ற அன்றே இனிமேல் பேரேட்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பேரன் விடவில்லை.

மகள் வயிற்றுப் பேரன், பொறியியல் இரண்டாம் ஆண்டு. முத்தியால்பேட்டையில் எங்களோடுதான் இருக்கிறான். அவனுக்கு ஓர் ஆசை. அந்தக் காலத்தில் காசு போட்டு விளையாடுவார்களே, ஆளுயர வீடியோ கேம் பெட்டி, 'ஆர்கேட்' என்பார்கள், அது ஒன்றைத் தன் கையால் செய்து வீட்டில் வைக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டான், மறுத்துவிட்டார். என்னிடம் வந்தான். ஓய்வூதியத்திலிருந்து கொடுத்திருக்கலாம். ஆனால் அவன் பணம் கேட்கவில்லை. "தாத்தா, நான் சம்பாதிச்சுச் செய்யறேன். நீங்க கணக்கு மட்டும் பாருங்க" என்றான். இப்படிக் கேட்டால் எந்தக் கணக்குப்பிள்ளைதான் மறுப்பான்?

நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் எதையும் முதலில் 'புரூயோன்' எழுத வேண்டும். அடித்துத் திருத்துகிற வரைவு. அதன் பிறகுதான் நல்ல நோட்டு. அதே வழக்கப்படி ஒரு பழைய நோட்டில் மதிப்பீடு போட்டோம். 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு பலகை 6,400 ரூபாய். பழைய மானிட்டர் 2,500. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கணினி, அதற்கான மின்சப்ளை, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து 7,500. இரண்டு பேர் ஆட ஜாய்ஸ்டிக், பொத்தான்கள் 2,600. ஸ்பீக்கர் 1,200. பெயிண்ட், திருகாணி, விளிம்புப் பட்டி 1,800. ஆக 22,000. எம்.டி.எஃப். பலகை மலிவு என்றான். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அது ஊறி உப்பிவிடும் என்று தச்சர் சொன்னதால் பிளைவுட்தான் என்று ஆயிற்று.

சரி, சம்பாதிப்பது எப்படி? கணினியில் செருகி விளையாடும் ஜாய்ஸ்டிக் பெட்டி செய்து விற்பது என்று முடிவு செய்தான். ஒரு மரப்பெட்டி, மேலே ஒரு குச்சி, எட்டுப் பொத்தான். 1991-இல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஆறு பொத்தான் வேண்டுமாம். ஆட்டம் தொடங்க ஒன்று, நிறுத்த ஒன்று. உள்ளே பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். குச்சியைச் சுற்றி நான்கே நான்கு மைக்ரோ சுவிட்சுகள். மேலே தள்ளினால் ஒன்று அழுந்துகிறது, பக்கவாட்டில் தள்ளினால் இன்னொன்று, மூலைக்குத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து. அதை ஒரு சிறிய மின்பலகை கணினிக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறது. காலிங் பெல் சுவிட்சுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் அவன் ஒரு நுட்பம் வைத்திருந்தான். 1980-இல் ஜப்பானின் நாம்கோ வெளியிட்ட பேக்-மேன் ஆட்டத்தில் நான்கு திசைதான் உண்டு. குச்சி மூலைக்குப் போனால் ஆட்டம் தடுமாறும். சண்டை ஆட்டங்களுக்கோ மூலைகளும் வேண்டும். குச்சியின் அடிப்பகுதி சதுர ஓட்டையுள்ள ஒரு தகட்டுக்குள் அசைகிறது. அந்தத் தகட்டை 45 பாகை திருப்பி வைத்தால் சதுரத்தின் மூலைகள் மேல், கீழ், இடம், வலம் என்று வந்துவிடும். அப்போது குச்சி நான்கு திசைக்கு மட்டும் போகும். பெரிய கம்பெனிக் குச்சிகளிலும் இந்த வசதி உண்டு. இவன் அக்ரிலிக் தகட்டை அறுத்து, பெட்டியைத் திறக்காமலே வெளியிலிருந்து திருப்புகிற மாதிரி செய்தான். வாங்கியவர்களுக்குப் பிடித்தது அதுதான்.

விடியற்காலைப் பேருந்தில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவான். ஒரு பெட்டிக்கு ஜாய்ஸ்டிக் 450, பொத்தான் 8-க்கு 360, மின்பலகை 420, மரமும் அக்ரிலிக்கும் 180, கேபிள், ஈயம் 90. ஆக 1,500. விற்பது 2,200. நிற்பது 700 ரூபாய். அப்படியானால் 32 பெட்டி விற்றாக வேண்டும். ஒரு பெட்டிக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. பேரேட்டில் மணி நேரத்துக்கும் ஒரு பத்தி போட்டேன். "அது எதுக்குத் தாத்தா? என் நேரம்தானே?" என்றான். "உன் நேரம்தான், அதனால்தான் எழுதணும்" என்றேன்.

மாடி அறையில் ஈயம் உருக்கும் புகை. வீட்டில் கிழவிக்கு மூக்கு எரிச்சல். என் மகள், "இந்த நேரத்துக்கு டியூஷன் எடுத்தா இதைவிடக் கூடக் கிடைக்கும்" என்று தினம் ஒரு முறையாவது சொல்வாள். அவள் சொன்னது கணக்குப்படி சரியாகவே இருக்கலாம்.

ஒன்பதாவது பெட்டியை வாங்கிய விழுப்புரத்துப் பையனிடமிருந்து ஒரு நாள் போன் வந்தது. ஒரு பொத்தான் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுந்துகிறதாம். சுவிட்சின் உள்தகடு தொடும்போது நூலிழை நேரம் அதிரும், அந்த அதிர்வைக் கணினி இரண்டாவது அழுத்தமாக எண்ணிவிடும் என்று பேரன் விளக்கினான். மின்பலகையின் நிரலில் சில மில்லி விநாடி பொறுத்துப் பார்க்கச் சொன்னால் தீரும். மறுநாளே விழுப்புரம் பேருந்து ஏறி, அங்கேயே உட்கார்ந்து சரி செய்து கொடுத்துவிட்டு வந்தான். மற்ற எட்டுப் பேருக்கும் அவனே போன் போட்டு, கேட்காமலே திருத்திக் கொடுத்தான். அந்த மாதம் செலவுப் பத்தி கொஞ்சம் நீண்டது. நான் முகம் சுளிக்கவில்லை.

பழைய ஆட்டங்களையும் உள்ளே ஏற்றித் தந்தால் ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறோம் என்று சிலர் கேட்டார்கள். பழைய பெட்டிகளைப் போல் கணினியை நடிக்க வைக்கும் 'மேம்' என்ற மென்பொருளை 1997-இல் இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா வெளியிட்டார். இன்று அது யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து கிடக்கிறது. ஆனால் ஆட்டங்களின் உரிமை இன்னும் அந்தந்தக் கம்பெனிகளிடம் இருக்கிறது. "குச்சி என்னுது, ஆட்டம் என்னுது இல்லையே" என்று அவன் மறுத்துவிட்டான்.

இருபத்தாறாவது பெட்டி முடிந்த சமயம் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு கடைக்காரர், 50 பெட்டி வேண்டும், ஒன்றுக்கு 1,800 ரூபாய், அட்வான்ஸ் 20,000 இப்போதே என்றார். பேரன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் விளக்கு. அட்வான்ஸை வாங்கினால் அடுத்த வாரமே பிளைவுட் இறக்கிவிடலாம் என்று துள்ளினான்.

நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அட்வான்ஸ் என்பது வரவு இல்லை, கடன். 20,000 ரூபாயில் 13 பெட்டிக்குத்தான் சாமான் வரும். அதையும் பிளைவுட்டில் போட்டால் 50 பெட்டிக்கு முதல் எங்கே? ஒன்றுக்கு லாபம் 300. ஐம்பதுக்கு 15,000. வேலை 300 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய். நடுவில் செமஸ்டர் பரீட்சை.

அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு தலைப்பில் ஒதுக்கிய பணத்தை வேறு தலைப்பில் செலவு செய்யக்கூடாது. வேலை முடிந்தால் அந்தத் தலைப்பை மூடிவிட வேண்டும். "உன் நோட்டின் முதல் பக்கத்தில் என்ன தலைப்பு எழுதினோம், பார்" என்றேன். 'ஆர்கேட் பெட்டி' என்றிருந்தது. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்காரருக்குப் போன் செய்து மரியாதையாக மறுத்துவிட்டான்.

ஆசைக்காகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு நஷ்டத்தை விட நல்ல வியாபாரம்தான் ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது. நஷ்டம் வந்தால் நிறுத்திவிடுவோம். லாபம் வந்தால் எதற்காகத் தொடங்கினோம் என்பதே மறந்து போகும். ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலரும் தோட்டம், புகைப்படம் என்று ஆரம்பித்து, கடைசியில் ஆர்டருக்கு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

14 மாதத்தில் 34 பெட்டி விற்றது. லாபம் 23,800. பழுது பார்த்த செலவு, பேருந்துச் செலவு 1,300. மிச்சம் 22,500. பெட்டி மதிப்பீட்டுக்குள்ளேயே முடிந்தது. என் 33 வருஷச் சர்வீசில் இது அபூர்வம். பேக்-மேன் போலவே மானிட்டரை நெட்டுக்கு நிறுத்தியிருக்கிறான். உள்ளே ஓடுவது அவனே எழுதிய ஆட்டம். நம் ஊரின் நேர்க்கோட்டுத் தெருக்களில் ஒரு சைக்கிள்காரன் ஓட, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் நால்வர் துரத்துகிறார்கள்.

காசு போடும் ஓட்டை மட்டும் அவன் வைக்கவில்லை. 1983-இல், சொல்தாவாக இருந்த அண்ணன் டிக்கெட் அனுப்பி நான் பாரிஸ் போனபோது, காப்பிக் கடை மூலையில் இப்படி ஒரு பெட்டி நின்றது. மாலையில் ஒருவர் வந்து அதைத் திறந்து பிராங்க் காசுகளை எண்ணி, கடைக்காரருக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார். ஆடுகிற பையன்களை அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது பிழைப்புக்காக நின்ற பெட்டி. இவனுடையது வேறு தலைப்பு.

மிச்சமான 500 ரூபாயைப் பாட்டியிடம் கொடுத்தான். ஈயப் புகைக்கு நஷ்ட ஈடாம். மணி நேரப் பத்தியின் கூட்டல் 204. அதற்கு எதிரே தொகை எழுத வேண்டிய இடத்தில் அவன் ஒரு கோடு போட்டான். நான் கையெழுத்திட்டுக் கணக்கை முடித்தேன்.