மணமும் அளவும்

திராட்சை இரசம் என்றதும் நமது பங்குக் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது திருப்பலிப் பீடம். அடுத்து, குடியால் சீரழிந்த இல்லங்களின் கண்ணீர். இவ்விரண்டிற்கும் நடுவே உணவு மேசை என்று ஒன்று உண்டு என்பதைப் பிரான்சு நாட்டின் கிழக்கு எல்லையிலுள்ள அல்சாஸ் பகுதியிலே நாம் கண்டோம்.

வோஜ் மலைத்தொடருக்கும் ரைன் ஆற்றுக்கும் இடைப்பட்டது அந்நிலம். மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை மலை தடுத்துவிடுவதால், சரிவுகளில் திராட்சை வெயிலேற்று நன்கு முதிர்கின்றது. திருத்தந்தை புனித ஒன்பதாம் சிங்கராயர் பிறந்த ஊரென்று போற்றப்படும் எகிசேம் சிற்றூரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்களே. அங்கு விளையும் வகைகளுள் மணத்தால் முதன்மை பெறுவது கெவுர்ஸ்த்ராமினேர். 'கெவுர்ஸ்' என்னும் செருமானியச் சொல் மணமூட்டும் சரக்கைக் குறிக்கும். 'த்ராமினேர்' என்பது இத்தாலியின் வடபகுதியிலுள்ள த்ராமின் என்ற ஊரால் வந்த பெயர். பழத்தின் தோல் இளஞ்சிவப்பு, இரசமோ பொன்னிறம். முகர்ந்தால் ரோஜாவும் லைச்சிப் பழமும் நினைவுக்கு வரும். இது வெறுங் கற்பனையன்று. லைச்சிக்கு மணமளிக்கும் பொருள்களுள் ஒன்று இதிலும் இருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

இத்துணை மணமுள்ள பானம் மென்மையான மீனின் சுவையை அமுக்கிவிடும். இதற்கு ஈடுகொடுக்கும் உணவு அதே மண்ணில் விளைகின்றது. அதுவே முன்ஸ்டர் பாலாடைக்கட்டி. கொல்மார் நகருக்கு மேற்கேயுள்ள அப்பள்ளத்தாக்கில் ஏழாம் நூற்றாண்டிலேயே துறவியர் குடியேறினர். துறவு மடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே முன்ஸ்டர் எனத் திரிந்தது. பதப்படும் காலத்தில் மீண்டும் மீண்டும் கழுவித் துடைக்கப்படுவதால் கட்டியின் மேற்புறம் செம்மஞ்சளாகி, கருவாட்டை நினைவூட்டும் நெடி வீசும். உள்ளேயோ வெண்ணெய் போன்ற மென்மை. சீரகத்திற்கு உறவான ஒரு விதையைத் தூவி அதனை உண்பர். அதன் உப்பையும் நெடியையும் இரசத்தின் மணமும் இன்சுவையும் தணிக்கின்றன. இஞ்சி, கிராம்பு, கொத்துமல்லி சேர்ந்த கீழை நாட்டு உணவுகளுக்கும் இது பொருந்தும். மிளகாய் மிகுந்தாலோ, மதுச்சத்து எரிச்சலைக் கூட்டிவிடும்.

கொல்மாரில் ஒரு குடும்பத்தார் எம்மை ஞாயிறு விருந்துக்கு அழைத்திருந்தனர். மேசையில் எழுவர், குளிர்வித்த புட்டி ஒன்றே. வீட்டுப் பெரியவர் செபம் சொல்லி அமர்ந்து, பாலாடைக்கட்டி வந்த பின்னரே அதனைத் திறந்தார். மூத்த மருமகன் தமது கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார். பெரியவர் அவருக்குத் தண்ணீர் வார்த்தார். எவரும் காரணம் கேட்கவில்லை. அனைவரும் ஒரு கிண்ணம் அருந்தியதும் புட்டி அகற்றப்பட்டது. பேச்சோ மாலை வரை நீடித்தது.

மணத்தைவிட அந்த ஒழுங்கே எம் நெஞ்சில் நின்றது. முன்ஸ்டர் மடத்தார் பின்பற்றிய புனித ஆசீர்வாதப்பர் ஒழுங்கின் 40-ஆம் அதிகாரம் பானத்தின் அளவைப் பற்றியது. நாளொன்றுக்கு ஒரு சிற்றளவை அது அனுமதிக்கின்றது. நிறைவு மீறிக் குடிப்பதைத் தடுக்கின்றது. அறவே தவிர்க்கும் வரம் பெற்றோருக்குத் தனிப்பட்ட கைம்மாறு உண்டென்றும் கூறுகின்றது. அருந்துவோனையும் தவிர்ப்போனையும் ஒரே மேசையில் மதிப்புடன் அமர்த்திய ஞானம் அது!

எங்கள் இல்லத்தில் மது புழங்குவதில்லை, இனியும் புழங்காது. ஆயினும் நம்மிடையே திருமண விருந்துகளில், "கொஞ்சந்தானே, குடி!" என்று வற்புறுத்துவோர் உளர். குடியை விட்டொழிக்கப் போராடும் ஒரு தந்தைக்கு அச்சொல் எத்தகைய கண்ணி என்பதை அவர் மனைவியே அறிவார். அடுத்த விருந்தில் யாரேனும் தமது கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால், காரணம் கேளாது தண்ணீர் வார்ப்போமாக.