குட்டையிலிருந்து பிந்தி வந்த சேதி

வியாழன், விடியற்காலை

பண்ணைக்காரர் போன். "தம்பி, இறால் தண்ணிக்கு மேல வந்துட்டுது. நானே பாத்து ஏரேட்டரப் போட்டேன். உங்க மெசேஜ் இப்பத்தான் வருது."

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய வன்னாமி இறால் குட்டை. இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. இறாலோடு பாசியும் ஆக்சிஜனை உறிஞ்சும். அதனால் விடியும் நேரத்தில்தான் கரைந்த ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்து. ஆக்சிஜன் குறைந்தால் எஸ்எம்எஸ் அனுப்பத்தான் அங்கே சென்சார் வைத்தேன். எச்சரிக்கை பிந்தினால் அந்தக் கருவியே வீண்.

வியாழன், இரவு, செங்கல்பட்டு

சென்சார் விற்ற நிறுவனம் கொடுத்தது சி மொழியில் எழுதிய ஷேர்ட் லைப்ரரி. மூலநிரல் தரவில்லை. என் பைத்தான் நிரல் அதை சிடைப்ஸ் வழியாக அழைக்கிறது. அளவை மதிப்பாகத் திருப்பித் தராமல், லைப்ரரியே பிரிண்ட்எஃப் கொண்டு அச்சிட்டுவிடுகிறது (யார் யோசனையோ!). அந்த வரிகளைப் பைப் வழியாக இன்னொரு நிரல் வாங்கி எஸ்எம்எஸ் அனுப்புகிறது.

கடலோரத்தில் எது கெட்டாலும் முதல் பழி டவர் மேல்தான். ஆனால் லாக் வேறு கதை சொல்கிறது. பைத்தான் எழுதும் வரிகள் சரியான நேரத்தில் விழுகின்றன. லைப்ரரியின் வரிகள் மட்டும் வெகுநேரம் மௌனம் காத்து, பிறகு நூறு வரியாகக் கொட்டுகின்றன. வீட்டு டெர்மினலில் ஓட்டினாலோ பத்து விநாடிக்கு ஒரு வரி, பிசகாமல்.

வெள்ளி

கணக்குப் போட்டதும் பிடிபட்டது. நிரலின் வெளியீடான ஸ்டிடிஅவுட் டெர்மினலுக்குப் போகும்போது, பிரிண்ட்எஃப் அடங்கிய சி நூலகம் வரி முடிந்ததும் வெளியே தள்ளும். பைப்புக்கோ கோப்புக்கோ போனால் பஃபர் நிரம்பும்வரை வைத்துக்கொள்ளும். லினக்ஸில் அது பெரும்பாலும் 4096 பைட். ஒரு வரி 40 பைட் என்றால் 102 வரி. பத்து விநாடிக்கு ஒன்று வீதம் 17 நிமிடம்!

பைத்தான் பக்கம் ஃப்ளஷ் போட்டிருந்தும் பயனில்லை. பைத்தானுக்கு ஒரு பஃபர், சி நூலகத்துக்குத் தனி பஃபர். ஒன்றைக் காலி செய்தால் மற்றது அசையாது. பயமுறுத்துவது இன்னொன்று: நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழுந்தாலோ மின்சாரம் போனாலோ பஃபரில் கிடப்பது அப்படியே அழிந்துவிடும். எந்த வரி அவசியமோ அந்தக் கடைசி வரிதான் போகும்.

சனி, குட்டைக் கரை

ஒவ்வொரு அளவீட்டுக்கும் பின் சிடைப்ஸ் மூலமாகவே சி நூலகத்தின் எஃப்ஃப்ளஷைக் கூப்பிட்டேன். எந்த ஸ்ட்ரீம் என்று சொல்லாமல் நல் (NULL) கொடுத்தால், வெளியே போகக் காத்திருக்கும் எல்லாம் காலியாகும். நிரலைத் தொடாமல் முடிக்க ஸ்டிடிபஃப் கட்டளையும் உண்டு. வரிக்கு வரி வெளியேற்றும்படி தொடக்கத்திலேயே அமைத்துவிடும். பத்து விநாடிக்கு ஒரு அச்சுதான் என்பதால் வேகம் குறையும் கவலை இல்லை. நொடிக்கு ஆயிரம் வரி எழுதும் நிரலில் இப்படிச் செய்யமாட்டேன். பஃபர் இருப்பதே அதற்காகத்தான்.

சென்சாரைத் தண்ணீரிலிருந்து தூக்கி, எச்சரிக்கை அளவைத் தற்காலிகமாக மாற்றிச் சோதித்தேன். பண்ணைக்காரர் போனைப் பார்த்துத் தலையாட்டினார்.

லைப்ரரி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அளவை மதிப்பாகத் திருப்பிக் கொடுங்கள். அச்சிடுவதா, எங்கே, எப்போது என்பதை அழைக்கும் நிரல் பார்த்துக்கொள்ளட்டும். சொல்லியே ஆகவேண்டிய பிழை இருந்தால், தேக்கிவைக்காத ஸ்டிடிஎர்ரில் எழுதுங்கள்.