மாந்தோப்புத் தூளியும் கத்திரி வெயிலும் - ஒரு நீண்ட இழை

ஓசூர்ல கம்பெனி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார். "மே மாசம் சாமல்பட்டி பக்கம் ஒரு மாந்தோப்புல ரெண்டு நாள் ஹம்மாக் கட்டித் தங்கலாம்னு இருக்கோம் டாக்டர். வெயில் தாங்குமா?"

தாங்கும். ஆனா எங்க கட்டுறீங்க, எந்த நேரத்துல படுக்குறீங்கன்னு பார்க்கணும்.

ஹம்மாக் புதுசா ஒண்ணும் இல்லை மக்களே. பழைய சேலையில நாம கட்டுற ஏணைதான், பெரியவங்க சைஸ்ல. நம்ம மாவட்டத்துத் தோப்புக் காவல்காரங்க காய் இறக்குற வரைக்கும் கயித்துக் கட்டில்லயோ தூளியிலயோதான் படுத்து எழறாங்க.

அது ஏன் குளுகுளுன்னு இருக்கு? நம்ம தோலோட வெப்பம் சுமார் 34, 35 டிகிரி செல்சியஸ். வெளிக்காற்று அதைத் தாண்டிட்டா, உடம்புச் சூட்டைக் காற்றில் தள்ள முடியாது. மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. அதுவும் வழிஞ்சு கீழே சொட்டினா பிரயோஜனம் இல்லை, தோல் மேலயே காயணும். ஒரு லிட்டர் வியர்வை காய்ந்தால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். மெத்தையில் படுத்தா முதுகுப் பக்கம் காற்றே படாது. தூளியில் அடியிலயும் காற்று ஓடும். குளிர் நாடுகள்ல ஹம்மாக்ல படுக்கிறவங்க முதுகு விறைக்குதுன்னு அடியில தனியா ஒரு ரஜாய் கட்டுவாங்க. அவங்களுக்கு அது தொல்லை, நமக்கு அதுதான் வரம்! சென்னை மாதிரி ஈரக் காற்று இல்லாததால் இங்க வியர்வை சீக்கிரம் காயும்.

இந்த வரத்தை நாமே கெடுத்துக்குறது எப்படின்னா, கீழே போர்வை விரிக்கிறது, தலைக்கு மேல தார்ப்பாயைத் தாழ்வா இழுத்துக் கட்டுறது. வலைத் தூளி முதல் தரம், பழைய பருத்திச் சேலை ரெண்டாவது. காற்றுப் புகாத நைலான் துணி எனக்குப் பிடிக்காது. நேரா படுக்காம கொஞ்சம் குறுக்கா படுங்க. முதுகு வளையாது, துணியும் ரெண்டு பக்கமும் மூடிக்காது. பகல்ல அடர்ந்த நிழல் நல்லது. ராத்திரி அதே மரத்தடி புழுங்கும், தோப்பு ஓரமா காற்று வர்ற பக்கம் மாத்திக் கட்டுங்க. கரடு, பாறைக்குப் பக்கத்துல வேண்டாம். பகல் பூரா குடிச்ச வெயிலைப் பாறை ராத்திரிதான் கக்கும்.

ஒரு காவல்காரரைப் பற்றிச் சொல்லணும். அறுபது வயசு இருக்கும். ராத்திரி முழுக்கக் காவல், தூக்கம் பகல்ல. தகரக் கொட்டகைக்குள்ள, கூரைக்கு ரெண்டடி கீழே தூளி. தரையை விட்டு உயரப் போனா குளிர்ச்சின்னு நினைப்பு. ஆனா சூடான காற்று மேலேதானே போய் நிக்கும்? பழுக்கக் காய்ஞ்ச தகரமும் மேலிருந்து அனல் வீசும். மத்தியானம் மூணு மணிக்குக் கொண்டு வந்தப்ப 106 டிகிரி ஃபாரன்ஹீட், பேச்சு குழறல், சொந்த மகனையே தெரியலை. துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி, ஃபேனைத் திருப்பி விட்டு, நரம்புல சலைன் ஏத்தி மீட்டோம். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "சார், தோப்புல காய் இருக்குதா, ஏத்திட்டாங்களா?"ன்னு கேட்டார்.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது இவரைப் போன்றவங்களுக்காகத்தான். இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு. அந்தப் பணம் வாங்குற நிலைமை எந்த வீட்டுக்கும் வர வேண்டாம்.

வெயில்ல ஒருத்தர் உளறினாலோ மயங்கினாலோ நிழலுக்குத் தூக்குங்க, உடம்பை நனைச்சு விசிறுங்க, 108-க்கு போன் போடுங்க. நினைவு தெளிவா இல்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க, புரையேறும். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

தங்கப் போறவங்க தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே குடிங்க. உப்புப் போட்ட நீர்மோர் போதும். நல்லா வியர்த்தா ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் தண்ணியில கலக்குங்க. பாதிப் பாதியா வேண்டாம். பீர் தாகத்தைத் தீர்க்காது, தண்ணியைச் சிறுநீரா வெளியேத்தும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுறவங்க நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேட்டுட்டுக் கிளம்புங்க.

"தூளி ஒத்துக்கலைன்னா தரையில பாய் போட்டுக்கலாமா?"ன்னும் கேட்டார் நண்பர். வேண்டவே வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும், தரையில தூங்குறவங்களைத்தான் அதிகம் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிசா இருக்காது. விடியற்காலை வயித்து வலி, கண் இமை தொங்குதுன்னு வருவாங்க. தூளியும் கொசுவலையும் இதுக்கும் காப்பு. இறங்கும்போது டார்ச் அடிச்சுப் பார்த்து, செருப்பை உதறிப் போடுங்க.

கடைசியா, கைக்குழந்தையோட தோப்பு வேலைக்கு வர்ற அம்மாக்களுக்கு. பெரியவங்களுக்குக் காற்று தர்ற அதே தூளி, குழந்தையைப் பை மாதிரி மூடிக்கும். தொட்டில் கட்டை கொடுத்து விரிச்சு வையுங்க, முகத்து மேல துணி போடாதீங்க, தகரக் கூரை அடியில கட்டாதீங்க. கழுத்துப் பின்னாடி தொட்டுப் பாருங்க. சூடா, பிசுபிசுன்னு இருந்தா உடனே வெளியே எடுங்க. ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணி வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்க.