பத்தாவது எழுத்து

விலை பேசுவதில் என் கட்சிக்காரர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலத்துக்கு நின்று பழகியவர். பெட்டி தக்காளிக்கு ஐந்து ரூபாய் குறைய வேண்டுமென்றால் அரை மணி நேரம் நின்று வாதாடுவார். அப்படிப்பட்டவர் ஒரு பிக்கப் வண்டியை நியாயமான விலைக்கு வாங்க முடியாமல் நுகர்வோர் ஆணையத்தின் படியேறினார். அவருக்குப் பேரம் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்தத் தொகையைப் பற்றிப் பேசுவது என்பதை ஷோரூம் முன்கூட்டியே முடிவு செய்திருந்தது, அவ்வளவுதான்.

வண்டியைத் தேர்ந்தெடுத்ததில் அவரிடம் ஒரு குறையும் காண முடியாது. சந்தைக்கு வரும் பொலிரோ பிக்கப், யோதா, இன்ட்ரா, தோஸ்த் என்று எல்லா வண்டி டிரைவர்களிடமும் மைலேஜையும் பராமரிப்புச் செலவையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஷோரூமில் அதிக டன் ஏற்றும் மாடலைக் காட்டி ஆசை மூட்டியபோது வேண்டாமென்றார். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. இந்த வகை வண்டிகளில் பல 2,990 கிலோவை ஒட்டியே நிற்பதன் ரகசியம் இதுதான். சட்டம் படிக்காத அவருக்கு இது தெரிந்திருந்தது. எந்தக் கம்பெனி வண்டியை எடுத்தார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

அவர் வாங்கியது 2023 பிப்ரவரியில். அந்த ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகளின் இரண்டாம் கட்டம் வரவிருந்தது. புது விதிப்படி தயாராகும் வண்டிக்கு விலை ஏறும் என்பது உண்மை. பழைய விதிப்படி தயாரான வண்டிகளை அதற்குள் தள்ளிவிட வேண்டிய அவசரம் டீலருக்கு இருந்தது என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் அவரிடம் சொன்னார்கள். பல நாள் அலைந்து, எழுந்து போவதுபோல் பாவனை செய்து, மறுபடி உட்கார்ந்து, கடைசியில் 35,000 ரூபாய் டிஸ்கவுண்ட் வாங்கினார். மேனேஜரே வெளியே வந்து, "அண்ணே, இது எங்க மார்ஜின்லயே கை வைக்கிற விலை" என்று கைகுலுக்கினாராம்.

அந்தக் கொட்டேஷனை என் மேசை மேல் விரித்து இருவரும் கூட்டிப் பார்த்தோம். எக்ஸ் ஷோரூம் விலைக்குக் கீழே ஹேண்ட்லிங் என்று 12,500. கட்டாயம் எடுக்க வேண்டிய அக்சஸரீஸ் என்று 18,000. அதில் கால் மிதியும் தார்ப்பாயும்கூட அடக்கம். இன்சூரன்ஸ், அதே காப்புக்கு வெளியில் கேட்ட தொகையைவிட 11,000 அதிகம். ஆக 41,500. வாங்கிய தள்ளுபடியைத் திருப்பிக் கொடுத்து, மேலே 6,500 ரூபாயும் வைத்துவிட்டு வந்திருக்கிறார். "நான் மேல் வரியைத்தான் சார் பேசினேன். கீழ இருக்கிறதெல்லாம் அரசாங்கத்துக்குப் போறதுன்னு நெனச்சேன்" என்றார். ஆர்.டி.ஓ. கட்டணமும் வரியும் அதே பட்டியலில், அதே எழுத்தில், அவற்றுக்கு நடுவில் இருந்தன. யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அவரை என்னிடம் கொண்டுவந்தது இந்தக் கணக்கு இல்லை. ஆர்.சி. கைக்கு வந்தபோது அதில் உற்பத்தி மாதம் 2022 ஏப்ரல் என்றிருந்தது. வாட்ஸ்அப்பில் அவருக்கு வந்த கொட்டேஷன் படத்திலோ "2023 மாடல்" என்று இருந்தது. சேஸிஸ் எண் என்பது 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் பத்தாவது இடத்தில் வருவது ஆண்டுக் குறி. 2022க்கு ஆங்கில 'என்', 2023க்கு 'பி'. பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால் நடுவிலுள்ள 'ஓ'வை விட்டுவிடுவார்கள். அவர் வண்டியில் 'என்' இருந்தது. யார்டில் பத்து மாதம் வெயிலில் நின்ற வண்டி. டயரும் பேட்டரியும் அதற்குள் வயதாகத் தொடங்கியிருக்கும் என்பது ஒரு பக்கம். நாளை விற்கப் போனால் வாங்குபவன் முதலில் கேட்பது வருஷத்தைத்தான். விற்கும்போது குறையப்போகும் தொகை, வாங்கும்போதே குறைந்திருக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் வந்த பிறகு இப்படிப்பட்டவர்களுக்குச் சில சௌகரியங்கள் கிடைத்தன. டீலர் பக்கத்து மாவட்டத்தில் இருந்தாலும் புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய். எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சிப் போனால் இன்னும் 15 நாள் சேர்த்து, பதில் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை என்று சினிமாவில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் கிடையாது. பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும்தான் பேசும்.

டீலர் தரப்பு குறித்த நாளுக்குள் பதில் போட்டது. விலையைப் பற்றியோ வருஷத்தைப் பற்றியோ பேசுவதற்கு முன், முதல் பத்தியிலேயே ஒரு ஆட்சேபம்: இவர் நுகர்வோரே இல்லை. சரக்கு வண்டி வாங்குவது வணிக நோக்கத்துக்கு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் என் நண்பர், கெட்டிக்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, டீலர்களுக்காக ஆஜரான நாட்களில் இதே பத்தியை நானும் எழுதியிருக்கிறேன். பல புகார்கள் இந்த வாசலைத் தாண்டாமலே முடிந்துபோகும்.

சட்டத்தில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியிருந்தால் அது வணிக நோக்கம் ஆகாது. இதற்கு இரு தரப்பும் எடுத்துக்காட்டுவது ஒரே தீர்ப்பை: 1995இல் உச்ச நீதிமன்றம் தந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கு. எதிர்த்தரப்பில் இருந்தது கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம். அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றார், நுகர்வோர் இல்லை என்று முடிவாயிற்று. ஆனால் அதே தீர்ப்பில், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும், லாரி வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோர்தான் என்றும், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டால் அந்தத் தகுதி போய்விடாது என்றும் சொன்னார்கள். எங்கோ தோற்ற ஒருவரின் வழக்கில் கிடைத்த உதாரணங்களை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் டிரைவர்கள் ஜெயிக்கிறார்கள்.

ஆகவே கேள்வி, ஸ்டியரிங்கைப் பிடித்தது யார் என்பதாகச் சுருங்கியது. டீலர் மூன்று காகிதங்களை வைத்தார். ஒன்று, அவர்களுடைய சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டு. இரண்டாவது இலவச சர்வீஸுக்கு வண்டியை விட்டவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'டிரைவர்' என்று எழுதியிருந்தது. கட்சிக்காரருக்குக் கால் முறிந்து இரண்டு மாதம் படுத்திருந்தபோது ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். மருத்துவச் சான்றை வைத்தோம். "கால் முறிந்தவர் வண்டியை ஷெட்டில் நிறுத்தி, தவணையை விட்டுக் கொடுத்தால்தான் நுகர்வோரா?" என்று கேட்டேன். இரண்டாவது, அவருடைய டிரைவிங் லைசென்ஸ்: போக்குவரத்து வாகனத்துக்கான ஒப்புதல் இல்லை, ஆகவே அவர் ஓட்டியிருக்கவே முடியாது என்றார்கள். 7,500 கிலோவுக்கு மிகாத வண்டிக்கு இலகுரக லைசென்ஸே போதும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது பெரிய அமர்வின் மறுபரிசீலனையில் இருந்ததால் என் நண்பர் விடாமல் இழுத்தார். மறுபரிசீலனை முடிகிறவரை இருப்பதுதான் சட்டம் என்று ஆணையம் முடித்துவைத்தது. (2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது.)

மூன்றாவது காகிதம்தான் கஷ்டமானது: கடன் விண்ணப்பம். தொழில் 'டிரான்ஸ்போர்ட் பிசினஸ்', மாத வருமானம் 90,000. ஷோரூமுக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஃபைனான்ஸ் ஆள் நிரப்பியது, கையெழுத்து இவருடையது. கடன் கிடைக்க வேண்டுமானால் அவர் வசதியானவராகத் தெரிய வேண்டும், சட்டத்தின் நிழல் கிடைக்க வேண்டுமானால் வசதியில்லாதவராகத் தெரிய வேண்டும். இரண்டு கதவிலும் தட்டியது ஒரே ஆள். அந்த எண்ணை எழுதிக் கடன் வாங்கிக் கொடுத்து, வண்டியை விற்று, லாபமும் பார்த்த கூரைக்குக் கீழிருந்தே அந்தத் தாள் அவருக்கு எதிராக வந்தது என்பதை வாதமாக வைத்தேன். வங்கிக் கணக்கின் வரவு செலவு அந்தத் தொகையில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆணையம் கணக்கை நம்பியது.

ஆனால் இந்த வாசலைத் தாண்ட அவர் கொடுத்த விலை தீர்ப்பில் வராது. தனக்கு வேறு தொழில் இல்லை என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதும்போது, தகப்பனார் விட்டுப்போன ஒரு ஏக்கர் முருங்கைத் தோட்டத்தை என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னேன், எழுதினார். வழக்கின் நடுவில் தம்பிக்கும் ஒரு வண்டி எடுத்துக் கொடுக்க நினைத்தார். வாங்கிய நாளில் இருந்த நோக்கம்தான் கணக்கு என்றாலும், இரண்டு ஆர்.சி. உள்ளவரைச் சுயதொழில்காரர் என்று சொல்லி நான் எழுந்து நிற்கும்போது எதிரில் யார் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். தள்ளிப்போடச் சொன்னேன். தம்பி திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். ஓர் ஆள் உழைத்து மேலே வரலாம், ஆனால் வழக்கு முடியும்வரை மேலே வரக் கூடாது என்று எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை; நடைமுறையில் அப்படித்தான் ஆகிறது.

வருஷத்தைப் பற்றிய வாதம், ஒப்பிட்டால் எளிது. விற்பனைச் சான்றான 21ஆம் படிவத்தில் உற்பத்தியான மாதமும் வருடமும் இருக்கிறது, பதிவு விண்ணப்பமான 20ஆம் படிவத்தில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது, தெரிந்துதான் வாங்கினார் என்றார்கள். 20ஆம் படிவத்தில் அவர் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள், ஆனால் அதை நிரூபிக்க வழியில்லை. அதனால் நான் கையெழுத்தைத் தொடவே இல்லை. தேதியை மட்டும் காட்டினேன். முழுப்பணமும் டீலர் கணக்கில் ஏறிய பிறகுதான் விற்பனைச் சான்று பிறந்திருக்கிறது. ஆணையத் தலைவர் எதிர்த்தரப்பைப் பார்த்து, "வண்டியின் வயதை விலை பேசும்போது சொன்னீர்களா, பணம் வாங்கிய பிறகு சொன்னீர்களா?" என்று கேட்டார். "படிவத்தில் இருக்கிறது ஐயா" என்றார் நண்பர். "அதைத்தான் கேட்கிறேன்" என்றார் தலைவர்.

2024இல் தீர்ப்பு வந்தது. கட்சிக்காரர் நுகர்வோர்தான். உற்பத்தி ஆண்டை மறைத்து விற்றது நியாயமற்ற வணிக நடைமுறை. அதற்கு இழப்பீடு 40,000. எந்தச் சேவைக்கு என்று காட்ட முடியாத ஹேண்ட்லிங் தொகை 12,500ஐ 9 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும். வழக்குச் செலவு 5,000. புது வண்டி மாற்றித் தரக் கேட்டதை, அதற்குள் வண்டி கேரளத்துக்கும் ஒட்டன்சத்திரத்துக்குமாக ஓடித் தேய்ந்திருந்ததால், மறுத்தார்கள். அக்சஸரீஸ் அவரிடமே இருக்கிறது, இன்சூரன்ஸ் காப்பை ஒரு வருஷம் அனுபவித்துவிட்டார் என்று அந்த இரண்டும் தள்ளுபடி. எந்தக் கம்பெனியிடமும் காப்பீடு எடுக்கலாம் என்ற உரிமை அவருக்கு இருந்தது. அது இருக்கிறது என்று ஷோரூமில் யாரும் சொல்லவில்லை என்பதற்கு எங்களிடம் காகிதம் இல்லை. உற்பத்தியாளரையும் சேர்த்திருந்தோம், டீலர் எங்கள் ஏஜென்ட் இல்லை, எங்களிடம் விலைக்கு வாங்கி விற்பவர் என்று சொல்லி வெளியே போய்விட்டார்கள்.

மேல்முறையீடு வருமென்று காத்திருந்தேன். மாநில ஆணையத்துக்குப் போகும் எதிர்த்தரப்பு, தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். டீலர் கணக்குப் பார்த்திருப்பார். முழுத் தொகைக்கும் டிடி எடுத்து அனுப்பிவிட்டார்.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பிக்கப் வாங்க இப்போது நிறையப் பேர் கிளம்பியிருப்பார்கள். வரி குறைந்ததையே டிஸ்கவுண்ட் என்று காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் யார்டுக்குப் போய், உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.