வண்டியில் செல்வோரை அழைக்கும் குரல்

சாரற்காலத்தில் பண்பொழியிலிருந்து செங்கோட்டை செல்லும் சாலையைப் பாருங்கள். தலைக்கவசத்துக்கும் செவிக்கும் நடுவே கைப்பேசியைச் செருகியவாறு இளைஞர் விரைகின்றனர். கையில் ஏந்தவில்லையே என்பர். கவனம் செவிவழியும் சிதறுமன்றோ! மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், மூன்று நொடி கண் திரும்பினால் 33 மீட்டர் சாலையைக் காணாமலே கடந்துவிடுகிறோம்.

2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, கைப்பேசியைக் கையில் ஏந்தி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே வகுத்துள்ளது. முதற் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆயினும், அழைப்பவர் யார்? பெரும்பாலும் நம் வீட்டாரே. அவர்களைச் சட்டம் கேட்பதில்லை. எம் பங்கில் ஓர் அன்னை, மகன் ஒருமுறை எடுக்காவிடில் மறுபடி அழைப்பதில்லை. வண்டியில் இருப்பான் என்று அடுக்களைக்குத் திரும்பிவிடுகிறார்.